பஸ் கேட்ட குரல்கள்

"ஒருத்தர் கேட்டா பஸ் வந்துடுமா சார்? நாலு பேர் கேக்கணும்" என்று எம்.பி. ஆபீஸில் போன் எடுக்கும் பெண் சொல்லிவிட்டாள். நாலு பேருக்கு எங்கே போவது? பூட்டுக்கடை வைத்திருக்கும் பூட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தாமே நாலு பேர் ஆகிவிடுவது என்று முடிவு கட்டினார்.

ஆற்றுக்கு அக்கரையில் மகள் வீடு. சண்டை போட்டுக்கொண்டு அங்கே போன அவர் மனைவி, பஸ் நின்றுபோனதும் அதையே சாக்காக வைத்து, "பஸ் விட்டா வர்றேன்" என்று சொல்லியனுப்பியிருந்தாள். இவரோ, "போனா போ, நானா ஒரு போன்கூடப் பண்ணமாட்டேன்" என்று வாசலில் நின்று சவால் விட்டவர். ஊரார் பூட்டையெல்லாம் திறப்பார். தன் வீட்டைத் திறந்து உள்ளே போகத்தான் மனசு வரவில்லை. அவள் முணுமுணுப்பு இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடந்தது. அந்த முணுமுணுப்புக்கு ஏங்கியே மனுஷன் பாதியாகிவிட்டார்.

முதலில் அதே ஆபீஸுக்குப் போன் போட்டு, தாத்தாவாக இருமினார். "ஆஸ்பத்திரிக்குப் போகணும்மா... பஸ் இல்ல..."

அடுத்து கீச்சுக்குரல். "மாசமா இருக்கேங்க, எப்படிங்க நடப்பேன்?"

"எல்லாம் ஒரே நம்பர்லேருந்து வருதே?" என்றாள் ஆபீஸ் பெண்.

"கடை போனுங்க. தெருவே இதுலதான் பேசும்."

பஸ் வரவில்லை. மருத்துவ வேன் வந்தது. பஸ் நிற்கும் இடத்திலேயே வசதியாக நின்றுகொண்டது. இருமல் தாத்தாவையும் மாசமான பெண்ணையும் வீடு வீடாகத் தேடிய நர்ஸ், வந்ததற்கு யாருக்காவது போடவேண்டுமே என்று பூட்டுக்காரருக்கு ஓர் ஊசி போட்டுவிட்டுப் போனாள்.

கையைத் தேய்த்துக்கொண்டே போன் போட்டார். "இங்க யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா! எல்லாரும் கல்லாட்டம் இருக்கோம்!"

"ரொம்ப சந்தோஷம். அப்ப பஸ்ஸும் வேண்டாம்னு மேல சொல்லிடுறேன்."

"ஐயையோ, சொல்லிடாதம்மா!" சொந்தக் குரல் வந்துவிட்டது. அதுவும் உடைந்து வந்தது. "தாத்தாவும் நான்தான், மாசமா இருந்ததும் நான்தான். என் வீட்டுக்காரி அக்கரையில இருக்கா. அவ இல்லாம சோறு இறங்கலம்மா. பஸ் விட்டா வந்துடுவா."

அந்தப் பக்கம் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"பூட்டுக்கடைக்காரரா ஐயா? அக்கரையிலேருந்து ஒரு அம்மாவும் தினம் கூப்பிடுறாங்க. முதல்ல பஸ்தான் கேட்டாங்க. இப்பல்லாம், 'பஸ் கிடக்கட்டும், நடந்தே வந்துடுறேன். பூட்டுக்கடையில எங்க வீட்டுக்காரர் இருப்பாரு, ஒரே ஒரு போன் பண்ணச் சொல்லுங்க'ங்கிறாங்க. நம்பர் தரட்டுமா?"