இஸ்திரி அம்மாளின் செய்முறைத் தேர்வு

"சட்டையைக் கழற்றிட்டுக் குப்புறப் படுங்க சார். நேரம் ஆகுது!"

வாசலில் நின்றவர் வாயைத் திறப்பதற்குள் இஸ்திரி அம்மாள் அவருடைய தோள்பையை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். பைக்குள் ஏதோ இரும்பு 'ணங்' என்றது.

"அம்மா, நான் வந்தது எதுக்குன்னா..."

"தெரியும் சார். வலது தோள் ஏறியிருக்கு, இடது இடுப்பு இறங்கியிருக்கு. எங்க வீட்டுக்காரர் சொன்னதைவிட மோசமா இருக்கு. படுங்க, படுங்க."

அவள் படித்தது, உடம்பைக் கையாலேயே அழுத்தி இழுத்து நேராக்கும் வைத்தியம். அதன் நீளமான பெயர் அக்கம்பக்கத்தார் வாயில் நுழையவில்லை. சுருக்கம் எடுப்பவள்தானே என்று 'இஸ்திரி அம்மாள்' ஆக்கிவிட்டார்கள். கையில் சான்றிதழ் மட்டும் இருந்தால் இவர்கள் இப்படிக் கூப்பிடுவார்களா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சான்றிதழுக்கான செய்முறைத் தேர்வுதான் இன்று, அவள் வீட்டிலேயே. ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள். இந்த முறையும் போனால் சிகிச்சை அறையைத் தன் மீன் தொட்டிகளுக்குத் தந்துவிட வேண்டும் என்று கணவர் கறாராகச் சொல்லிவிட்டார். பால்கனிச் சுவர் சாய்ந்து நிற்பதால் அங்கே பாரம் வைக்க முடியாதாம். கழுவித் துடைத்த தொட்டிகள் கூடத்தில் காத்துக்கொண்டிருந்தன. அப்படிப்பட்ட மனுஷர், தேர்வுக்கு உடம்பு கொடுக்கத் தன் அலுவலக நண்பர் ஒருவரை அனுப்ப ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம்.

தேர்வாளரை அவள் பார்த்ததில்லை. உடம்பு நேராக நிற்கிறதா என்று பார்க்க எங்கே போனாலும் தூக்குக்குண்டும் கையுமாகப் போவார், மகா கண்டிப்பானவர் என்று மட்டும் கேள்வி. பயிற்சி நிலையத்தின் முதல் விதியை எழுதியவரே அவர்தானாம். வைத்தியரின் கை தன் மேல் இருக்கும்வரை படுத்திருப்பவர் பேசக் கூடாது. வேலை முடியும்வரை ஒரு கையாவது அவர் மேலேயே இருக்க வேண்டும்.

கட்டிலில் ஏறியவர், "ஒரு நிமிஷம்மா, நான்..." என்று திரும்ப முயன்றார்.

இஸ்திரி அம்மாள் அவர் முகத்தை, கட்டிலில் முகம் பதிக்கவென்றே இருந்த ஓட்டைக்குள் அமுக்கி, முதுகில் கை வைத்தாள். "கை வச்சாச்சு. இனிமே பேசக் கூடாது சார். விதி!"

அவர் கப்சிப்.

திறந்திருந்த கதவு வழியாக ஒருவர் எட்டிப் பார்த்தார். ஒரு கையில் நூலோடு தொங்கும் தூக்குக்குண்டு, மறு கையில் மட்டம் பார்க்கும் ரசமட்டம். தேர்வாளர் வந்துவிட்டார் என்று இஸ்திரி அம்மாள் நிமிர்ந்தாள்.

"பார்த்துட்டு வரச் சொன்னாங்க" என்றார் வந்தவர்.

"வாங்க சார்! உங்களுக்காகத்தான் காத்திருக்கோம். நாற்காலியில உட்காருங்க சார். கையை எடுக்க முடியலை, மன்னிக்கணும்."

இவ்வளவு மரியாதையை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. நாற்காலியைத் துடைத்துவிட்டு நுனியில் உட்கார்ந்தார்.

"உடம்புங்கிறது விரிச்ச போர்வை மாதிரி சார்" என்று அவள் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். "இந்த மூலையில இழுத்தா அந்த மூலையில சுருக்கம் விழும். வலிக்கிற இடத்துல காரணம் இருக்காது."

"இருக்கும்மா, இருக்கும்" என்றார் அவர் பொதுவாக.

வலது தோளை இறக்க அவள் இடது பாதத்தை அழுத்தினாள். தோள் இறங்கியது! பெருமை தாங்காமல், "நீங்களே சோதிச்சுப் பாருங்க சார்" என்றாள்.

அவர் எழுந்து வந்து ரசமட்டத்தை முதுகின் குறுக்கே வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"தோள் சரிதான். இடுப்பு தூக்கிக்கிச்சே."

இடுப்பில் முழங்கையை ஊன்றினாள். இடுப்பு படிந்தது, கழுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. கழுத்தைத் திருப்பி ஓட்டைக்குள் வைத்தாள். வலது கை விருட்டென்று மேலே எழும்பி, பதில் தெரிந்த மாணவனின் கை மாதிரி நின்றது. கையை அமுக்கினால் இடது கால் எழுந்தது. காலை அமுக்கினால் கை எழுந்தது.

"ம்ம்ம்! ம்ம்ம்!" என்றது ஓட்டை.

"பேசக் கூடாது சார். தேர்வாளர் பார்க்கிறார் இல்ல?"

ஓட்டை ஒரு நீண்ட பெருமூச்சு விட்டது.

"ஒரு பக்கம் பாரம் வச்சா நிக்கும்மா" என்றார் ரசமட்டக்காரர்.

தேர்வாளரே சொன்ன பிறகு அப்பீல் ஏது? மீன் தொட்டிக்கு வாங்கி வைத்திருந்த கூழாங்கல் மூட்டையை அவரே தூக்கி வந்து கொடுக்க, அவள் அதைக் காலின் மேல் ஏற்றினாள். கால் அடங்கியது. வலது கை மட்டும் கொடிக்கம்பமாக நட்டுக்கொண்டு, இம்மியும் அசைய மறுத்தது.

இஸ்திரி அம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்கு இதை விட்டா வேற எதுலயும் மனசு போகலை சார். மீனுக்கு எந்த அறையா இருந்தா என்ன, சொல்லுங்க?"

"அழாதீங்கம்மா" என்றார் அவர், ஒன்றும் புரியாமல்.

அப்போது கணவர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். பின்னாலேயே ஓர் ஆள், உடம்பு முழுக்க ஒரு பக்கமாகச் சரிந்து, கதவில் இடித்துக்கொண்டு நுழைந்தார்.

"கோவிச்சுக்காதே. வண்டி பஞ்சர். இவர்தான் நான் சொன்ன நண்பர்."

"அப்போ கட்டில்ல இருக்கிறது யாரு?"

"என்னைக் கேட்டா? படுக்க வச்சது நீ!"

யாரோ பாவம், வைத்தியத்துக்கு வந்த ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இதுவரை நடந்த கூத்து தேர்வில் சேராது என்று ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. ஒரு கையை அந்த முதுகிலேயே வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

"சார், ஆள் மாறிப் போச்சு. நிஜமான ஆள் இவர்தான். மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கட்டுமா?"

"தாராளமா ஆரம்பிங்கம்மா. என்னைக் கேட்பானேன்? அந்தச் சாய்ஞ்ச பால்கனிச் சுவரை மட்டும் காட்டிட்டீங்கன்னா நான் கிளம்பிடுவேன். வீட்டு ஓனர் போன் மேல போன் பண்றார்."

இஸ்திரி அம்மாளின் கை முதுகிலிருந்து தானாக நழுவியது.

கை விலகியதுதான் தாமதம், ஓட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மறுபடி ஆரம்பிக்கலாம்மா, விதியில இடம் இருக்கு. ஆனா முதல்ல இந்தக் கையைக் கீழே இறக்கி விடுங்க. மார்க் போடுற கை இதுதான்."