லோயர் டாமராக் ஊராட்சியில் ஒரு டிரைவர் நியமனம்

உலகத்தில் நல்லாட்சி எங்கே நடக்கிறது என்று யாராவது கேட்டால், தயங்காமல் லோயர் டாமராக் என்று சொல்லுங்கள். வடக்கு ஒன்டாரியோவில், ஏரிக்கும் காட்டுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊராட்சியின் மக்கள்தொகை அறுநூற்றுப் பன்னிரண்டு. கணினி ஒன்று. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு நாங்கள் சாதித்ததை, ஆயிரம் கணினி வைத்திருக்கும் டொரன்டோகூடச் சாதித்ததில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக இங்கே எழுத்தராக இருக்கும் எர்வின் ஆகிய நான், இதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

கணினிக்கு வயது பதினெட்டு. எங்கள் தலைவர் மர்டோ கில்கிறிஸ்ட் அதை 'மூத்த அலுவலர்' என்றுதான் குறிப்பிடுவார். காலையில் பொத்தானை அழுத்தினால் முதலில் இருமும். பிறகு யோசிக்கும். அது யோசித்து முடிப்பதற்குள் நான் காபி போட்டு, குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிடுவேன். இத்தனை நிதானத்தை வேறெங்கும் பார்க்க முடியாது, எங்கள் மன்றக் கூட்டங்களைத் தவிர.

பிப்ரவரி மாதம், ஒரு வியாழக்கிழமை. பனிக்கட்டியில் கல் உருட்டி ஆடும் கர்லிங் கிளப்பின் சமையல்காரி வெர்னா மாக்கி, திருமண உரிமம் வாங்க வந்தாள். வயது அறுபத்தொன்று. கூடவே மாப்பிள்ளை ஓஸ்மோ லெஹ்டினென், மரஅறுவை ஆலையில் ஓய்வு பெற்றவர். இருவருக்கும் நிச்சயமாகிப் பதினைந்து வருடம். ஒவ்வொரு வருடமும் ஓஸ்மோ, "அடுத்த வசந்தத்துல வெச்சுக்கலாம்" என்பார். இந்த முறை எப்படியோ சம்மதித்துவிட்டார். சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கிளப் மண்டபத்தில் கல்யாணம்.

"எர்வின், சட்டுனு அடிச்சுக் குடுப்பா. இந்த மனுஷன் மனசு மாறிடப் போறாரு."

"நான் எங்க மாறப் போறேன்?" என்றார் ஓஸ்மோ, வாசல் கதவைப் பார்த்தபடி.

பொத்தானை அழுத்தினேன். மூன்று முறை 'பீப்' என்றது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: 'துவங்குவதற்கான வட்டு கிடைக்கவில்லை.'

"கெடைக்கலையாம் வெர்னா. என்ன பண்றது, வா போலாம்."

"யோவ், உக்காரு."

வேறு அலுவலகமாக இருந்தால் பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டிருப்பார்கள். நாங்கள் கூட்டத்தைக் கூட்டினோம். 'கணினித் துவக்க அவசரக் கூட்டம்'. தலைவர் வந்தார். உறுப்பினர் ஐடா பெல்லமி, ஒரு தட்டு நிறைய வெண்ணெய் டார்ட் என்ற இனிப்புடன் வந்தார். ஒன்றரை மணி நேரம் காரசாரமாக விவாதித்து, 'அணைத்துவிட்டு மறுபடி போடுவது' என்று தீர்மானித்தோம். தலைவர் முன்மொழிந்தார், ஐடா வழிமொழிந்தார், நான் போட்டேன்.

துவங்கிவிட்டது! கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

ஆனால் திரையின் மூலையில் பதினெட்டு வருடத்துக்கு முந்தைய ஜனவரி ஒன்றாம் தேதி தெரிந்தது. உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் இருக்கும் பேட்டரி உயிரை விட்டிருந்தது. அதனால் கணினிக்கு நாள் மறந்துவிட்டது. ஓஸ்மோ எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இதுப்படி பாத்தா நான் வெர்னாவை இன்னும் சந்திக்கவே இல்லையே!"

"சந்திக்காத பொம்பளை கையாலயா இத்தனை வருஷம் தின்னுட்டுக் கெடந்தே?"

"மூத்த அலுவலர் பழசை நெனைச்சுப் பாக்கறார். யாரும் தொந்தரவு பண்ணாதீங்க," என்றார் தலைவர். நான் தேதியை ஒரே நிமிடத்தில் திருத்தினேன். தீர்மானமில்லாமல் செயல்பட்டதற்காக அங்கேயே கண்டிக்கப்பட்டேன். தகுந்த கண்டனம்தான்.

அடுத்து அச்சடிக்கச் சொன்னேன். 'அச்சுப்பொறிக்கு டிரைவர் இல்லை' என்று பதில் வந்தது.

தலைவர் அதை உரக்கப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனை நாளா இல்லை?"

"இது வேற டிரைவர்ங்க ஐயா. கணினிக்குள்ள இருக்கற சின்ன மென்பொருள். அச்சுப்பொறிகிட்ட எப்படிப் பேசணும்னு..."

"எர்வின், சின்னதோ பெரிசோ, காலிப் பணியிடம் காலிப் பணியிடம்தான். மக்கள் கேப்பாங்க."

"லைசென்ஸ் உள்ள ஆளா பாத்துப் போடணும்," என்றார் ஐடா. "கனரக லைசென்ஸா, சாதா லைசென்ஸா?"

"அச்சுப்பொறி என்ன எடை?" என்றார் தலைவர்.

"பதினோரு கிலோ," என்றேன்.

"அப்ப சாதா போதும்."

மறுநாள் பகல் இரண்டு மணிக்கு நேர்முகத் தேர்வு. வெர்னா, ஓஸ்மோவை இழுத்துக்கொண்டு மறுபடியும் வந்து என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். விண்ணப்பதாரர் ஒருவர்தான்: ஊராட்சியின் பனி தள்ளும் லாரியை ஓட்டும் ஈவோன் ஷாரெட். தலைவர்தான் அவரைத் தொலைபேசியில் வரச் சொல்லியிருந்தார்.

"அனுபவம்?"

"இருபத்தாறு வருஷமாப் பனி தள்றேனே, தெரியாதா?"

"விபத்து?"

"ஒரு தபால் பெட்டி. அதுவும் தப்பு அது மேலதான்."

"பின்னாடி ஓட்டத் தெரியுமா? நம்ம கணினி ரொம்பப் பழசு."

ஈவோன் ஒருமனதாக நியமிக்கப்பட்டார். அச்சுப்பொறியின் முன்னால் போய் உட்கார்ந்து, அதை நாலு பக்கமும் தடவிப் பார்த்து, "ஸ்டியரிங் எங்கேங்க?" என்றார். நல்ல கேள்வி என்று கூட்டக் குறிப்பில் சேர்த்தோம்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஓஸ்மோ நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "விடு வெர்னா. அரசாங்கத்தாலயே முடியலை. அடுத்த வசந்தத்துல பாத்துக்கலாம்."

வெர்னா கத்துவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவள் கையுறைகளை மடியில் வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"எரநூறு பேருக்கு எறைச்சி உருண்டை உருட்டி வெச்சிட்டேன், எர்வின். இந்த ஊர்ல எல்லார் கல்யாணத்துக்கும் நான்தான் உருட்டினேன். எனக்குன்னு உருட்டினது இதான் மொதல் தடவை."

ஐடா டார்ட்டை நீட்டினார். வெர்னா வாங்கவில்லை.

ஈவோன் எழுந்தார். "பக்கத்து ஊராட்சி, அப்பர் டாமராக் ஆபீசு நாலு மணி வரைக்கும் தொறந்திருக்குமே."

"ரோட்டை மூடிட்டாங்கப்பா!" என்றார் ஓஸ்மோ அவசரமாக.

"ஓஸ்மோ, மூடின ரோட்டைத் தொறக்கறதுதான் என் பொழப்பே. எழுந்திரு."

மூன்று பேரும் பனி லாரியில் ஏறினார்கள். ஓஸ்மோவை நடுவில் உட்கார வைத்தார்கள். இரண்டு பக்கமும் கதவு எட்டாது. லாரி, பனியை இறக்கை மாதிரி இருபுறமும் வீசிக்கொண்டு மறைந்தது. தலைவர் ஜன்னலோரம் நின்று நெகிழ்ந்துபோனார். "பாத்தியா எர்வின், சேந்த அன்னைக்கே களப்பணி!"

சனிக்கிழமை கல்யாணம் நடந்தது. சம்மதமா என்று கேட்டபோது ஓஸ்மோ கொஞ்சம் தாமதித்தார், பின்னால் நின்ற ஈவோன் முழங்கையால் ஒரு இடி இடித்தார், சம்மதமானது. நான் ஒன்பது உருண்டை சாப்பிட்டேன். அப்படி ஒரு ருசி. சாப்பிட்டுக்கொண்டே வெர்னாவிடம் விசாரித்தேன்.

"அப்பர் டாமராக்ல என்ன கணினி வெச்சிருக்காங்க? புதுசா?"

"அதுவும் செத்துத்தான் கெடந்துச்சு. அங்க எழுத்தரா இருக்கற பொண்ணு பேனாவ எடுத்தா, எழுதினா, முத்திரை குத்தினா. அஞ்சு நிமிஷம்."

இப்படிப்பட்ட பின்தங்கிய ஊராட்சிகளும் நாட்டில் இருக்கின்றன.

திங்கட்கிழமை தலைவர் மேலிடத்துக்கு அறிக்கை சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: 'டிரைவர் நியமிக்கப்பட்ட இரண்டு மணி நேரத்துக்குள் நிலுவையிலிருந்த விண்ணப்பம் தீர்ந்தது. தற்போதைய நிலுவை: பூஜ்யம்.' ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. கணினி மறுபடியும் படுத்துவிட்டதால், நான்கு பக்க அறிக்கையையும் நான் பேனாவால்தான் எழுதினேன். தலைவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து மெய்மறந்தார்.

"என்ன அழகான கையெழுத்து எர்வின்! வியாழக்கிழமை இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தே?"

நான் ஒளிக்கவில்லை. வெர்னா எதிரில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு நாளும் பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை எடுக்கச் சொல்லி யாரும் முன்மொழியவில்லை. தீர்மானமில்லாமல் எடுத்து இன்னொரு கண்டனம் வாங்கும் அளவுக்கு எனக்கும் பழக்கம் போதாது.