கட்டத்துக்குள் அடங்காத ஏரி

திரைவளநாடு என்று ஒரு தேசம் உண்டு. வரைபடத்தில் தேட வேண்டாம், அதை வரைந்தவர்கள் எல்லாரும் சிறையில் இருக்கிறார்கள். அந்த நாட்டை மகாராஜா கனகவேலர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே ஆண்டுவந்தார். எதிரே மேசையில் ஒரு கணினி. கணினியில் 'ஆட்சி' என்றொரு மென்பொருள். அதன் ஓரமெல்லாம் பொத்தான்கள்: வரி போட ஒன்று, விருது கொடுக்க ஒன்று, பக்கத்து நாட்டை முறைக்க ஒன்று. நட்டநடுவில் சின்னதாக ஓர் உலாவிக் கட்டம். இணையப் பக்கம் பார்க்கிற உலாவியைத் தனியாகத் திறக்கிற வேலையே கிடையாது, மென்பொருளின் வயிற்றுக்குள்ளேயே அதை வைத்துத் தைத்திருந்தார்கள். ஊருக்கு ஊர் தன் நிலவரத்தை ஒரு பக்கமாக எழுதி அனுப்பும். அது அந்தக் கட்டத்தில் தெரியும். வெயில் பட்டால் திரை மங்குகிறது என்று அரண்மனை ஜன்னல்களை எல்லாம் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. ஆக, மகாராஜாவுக்கு நாடு என்றால் அந்தக் கட்டம்தான்.

அதைக் கவனித்துக்கொள்ளவே ஓர் அமைச்சர் இருந்தார், அம்பலவாணர் என்று பெயர். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. பதவி மேல் பிரியம், மனைவி செண்பகத்தின் மேல் அதைவிடப் பிரியம். அவள் தலைப்பிரசவத்துக்குப் பிறந்த ஊரான ஏரிப்பாக்கத்துக்குப் போயிருந்தாள்.

தகராறு இப்படித்தான் ஆரம்பித்தது. அந்த உலாவி மகாராஜாவின் தாத்தா காலத்தது. ஊர்ப் பக்கங்களோ புதுசு. புதுப் பக்கத்தைப் பழைய கட்டத்தில் திறந்தால், கோயில் கோபுரம் மாட்டுத் தொழுவத்தின் மேல் வந்து உட்காரும், பள்ளிக்கூடம் காணாமல் போகும். போதாக்குறைக்கு, 'இந்தப் பக்கத்தில் பிழை உள்ளது' என்று ஓர் அறிவிப்பு துள்ளி எழுந்து முன்னால் நிற்கும்.

"என் நாட்டுல பிழையா?" என்று மகாராஜா மேசையைத் தட்டினார்.

உலாவியைப் புதுப்பித்தால் போதும் என்றார் கணினியைப் பழுதுபார்க்கும் அரண்மனைக் கணியர். அம்பலவாணருக்கு முகம் சிவந்துவிட்டது. "பாட்டனார் மகாராஜா தம் திருக்கரத்தால் பொருத்திய உலாவி ஐயா இது! இதை மாற்றச் சொல்வதும் ஒன்று, அரச பரம்பரையை மாற்றச் சொல்வதும் ஒன்று!" என்றார். கணியரை யானைக் கொட்டிலுக்கு மாற்றினார்கள். பிழை அறிவிப்பு இனி எழக் கூடாது என்று ஆணை பிறந்தது. பிழை இருந்துவிட்டுப் போகட்டும், சத்தம் போடாமல் இருந்தால் சரி. மறுநாளிலிருந்து ஊர்களில் மனுக் கொடுக்கப் போனவர்களின் வாயையும் அதே ஆணையைக் காட்டி அடைத்தார்கள்.

அடுத்தது இணைப்பு. ஊர்ப் பக்கங்களில் 'மேலும் படிக்க' என்று ஒரு வரி இருக்கும். மகாராஜா ஒருநாள் கை துறுதுறுத்து அதை அமுக்கிவிட்டார். உள்ளே போனால், அவரைப் பற்றி ஜனங்கள் பேசிக்கொள்வது அப்படியே எழுதியிருந்தது. மூன்று வேளை சாப்பாடு இறங்கவில்லை பாவம். இனிமேல் எந்த இணைப்பை அமுக்கினாலும் கட்டம் இருந்த இடத்திலேயே இருக்கும்படி அம்பலவாணர் செய்துவிட்டார். அதோடு விட்டாரா? 'கட்டத்தில் தெரிவதே நடந்தது. கட்டத்தில் தெரியாதது நடக்கவே இல்லை' என்று சட்டமும் எழுதி, மகாராஜாவிடம் பட்டுச் சால்வை வாங்கிக்கொண்டார். கட்டத்தில் ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் இணைப்பு இல்லையாம், அப்படியானால் நாட்டில் மட்டும் பஸ் எதற்கு என்று பஸ்ஸை நிறுத்தினார்கள்.

கேளுங்கள் இன்னொரு கூத்தை. பக்கத்தைப் புதுப்பிக்கும்போது கட்டம் ஒரு கணம் வெள்ளையாகிவிட்டுப் பிறகுதான் படம் வரும். அந்த ஒரு கணத்தில் மகாராஜா, "ஐயோ, நாடு போச்சே!" என்று அலறிவிட்டார். அன்றோடு புதுப்பிக்கும் பொத்தானும் போயிற்று. வந்த பக்கம் வந்தபடியே நிற்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆணை வளைவு பற்றியது. தாத்தா காலத்து உலாவிக்கு வளைந்த ஓரம் வரையத் தெரியாது. வட்டம் எல்லாம் சதுரமாகத் தெரிந்தது. மகாராஜா திரையைப் பார்த்தார், அமைச்சரைப் பார்த்தார்.

"கட்டத்துல சதுரமா இருக்கே, நாட்டுல ஏன்யா வட்டமா வச்சிருக்காங்க? என்னை ஏமாத்தவா?"

"உடனே திருத்திவிடலாம் மகாராஜா," என்றார் அம்பலவாணர்.

வண்டிச் சக்கரம் சதுரமானது. பானை சதுரமானது. இட்லித் தட்டை உடைத்துச் சதுரக் குழி போட்டுக் கொடுத்தார்கள். ஜனங்கள் வயிற்றெரிச்சலோடு தின்று தொலைத்தார்கள். கடைசியில் ஏரிகளின் முறை வந்தது. ஏரிப்பாக்கத்து ஏரிக்கரை, தண்ணீரின் போக்குக்கு வளைந்து கொடுத்து நின்ற கரை. அதை வெட்டி நேராக்கி, நான்கு மூலை வைத்தார்கள். திறப்பு விழாவில் செண்பகம் நிறைவயிற்றோடு குத்துவிளக்கு ஏற்றினாள். அந்தப் பக்கம் கட்டத்துக்கு வந்து சேர்ந்தது. வெயில், மாலை, சிரிப்பு. அம்பலவாணருக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

அப்புறம் மழை பிடித்தது. அடைத்த ஜன்னல் வழியாகவும் இடி கேட்டது. அரண்மனைக்குத் தயிர் கொண்டுவருபவர் வெறுங்கையோடு வந்து, "ஏரிப்பாக்கத்துல கரை மூலையில பிச்சுக்கிட்டுப் போயிடுச்சுங்க. ஊரே தண்ணிக்குள்ள கெடக்கு," என்றார். அம்பலவாணர் ஓடிப்போய்க் கட்டத்தைப் பார்த்தார். வெயில், மாலை, சிரிப்பு. அது என்றைக்கோ வந்த பக்கம் என்பது அவருக்குத் தெரியாதா? அவர் நிறுத்திவைத்த பக்கம்தானே!

"மகாராஜா, படகு அனுப்ப வேண்டும். என் மனைவி அங்கே இருக்கிறாள். மாசமாக இருக்கிறாள்."

மகாராஜா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையில் குனிந்தார். "என்னய்யா உளறுறீர்? இதோ விளக்கேத்திக்கிட்டு நிக்கிறாளே! ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. புருஷன்காரன் நீர், இப்படியா பயப்படுவீர்?"

"அது பழைய பக்கம், மகாராஜா!"

"சட்டம் எழுதினது யாரு?"

அம்பலவாணர் சால்வையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே நடந்தார். அவர் போனது அரண்மனையில் யாருக்கும் தெரியவில்லை. கட்டத்தில் இருந்த அரண்மனைப் பக்கத்தில் அவர் மகாராஜாவுக்கு அருகில் கைகட்டிச் சிரித்துக்கொண்டு நின்றார்.

பஸ் இல்லை. வண்டி இருந்தது, சக்கரம் உருளவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தும் நீந்தியும் போய், பள்ளிக்கூட மொட்டை மாடியில் ஏறினார். ஊரே அங்கே நனைந்த கோழிக்குஞ்சுகளாக ஒடுங்கிக் கிடந்தது. மூலையில், ஒரு கரும்பலகையைச் சாய்த்து மறைப்பாக வைத்துக்கொண்டு, செண்பகம் உட்கார்ந்திருந்தாள். மடியில் பெண் குழந்தை. அவரைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா உங்களுக்கு? சாப்பிட்டு எத்தனை நாளாச்சு தெரியுமா? எனக்குப் பால் சுரக்கவே இல்லைங்க. புள்ள அழக்கூடத் தெம்பில்லாம கெடக்கு."

அவர் குழந்தையின் காலைத் தொட்டார். சில்லென்று இருந்தது. அமைச்சர் விம்மி விம்மி அழுதார்.

வெள்ளம் இருக்கிறதோ இல்லையோ, மழைக்காலக் கணக்குக்கு ஊர் ஊராகப் போகும் அரசாங்கப் படகு ஒன்று அந்த நேரம் பார்த்து வந்தது. அதில் அரிசி மூட்டை, பால் மாவு, ரொட்டி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கணினிப் பெட்டி. படகின் கயிற்றை அம்பலவாணர் எட்டிப் பிடித்து மாடிச் சுவரில் சுற்றினார். நிவாரண அதிகாரி பெட்டியைத் திறந்தார். அதே மென்பொருள், அதே கட்டம். 'நிவாரணம் பெற்றோம், மகிழ்ந்தோம்' என்று எழுதி, கீழே 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான்.

"எல்லாரும் வரிசையா வந்து இதை அமுக்குங்க. அமுக்கினாத்தான் சாமான் இறங்கும்."

"அமுக்காதீங்க!" என்று கத்தினார் அம்பலவாணர். "அமுக்கிட்டா வாங்கினதா ஆயிடும்!"

பசித்தவன் காதில் இதெல்லாம் ஏறுமா? அமுக்கினார்கள். செண்பகமும் அமுக்கினாள். கடைசி ஆள் விரலை எடுத்ததும் அதிகாரி பெட்டியை மூடப் போனார். "ரொம்ப சந்தோஷம். நிவாரணம் கொடுத்தாச்சு. கயித்த விடுங்க, கிளம்பணும்."

"மூட்டை எல்லாம் படகுலயே இருக்குதே சாமி!" என்றாள் ஒருத்தி.

"கட்டத்துல கொடுத்ததாத் தெரியுதும்மா. ஒரே நிவாரணத்த ரெண்டு தடவ வாங்கப் பாக்குறீங்களா? சட்டம் தெரியுமில்ல?"

சட்டம் தெரிந்த ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் அமைச்சர் அம்பலவாணன். மூட்டைய இறக்குய்யா!"

அதிகாரி அரண்மனைப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "அமைச்சர் மகாராஜா பக்கத்துல நிக்கிறார். நீ யாருய்யா? அரசாங்கப் படகைப் பிடிச்சு வைக்கிறது பெரிய குற்றம், தெரிஞ்சுக்கோ!"

அம்பலவாணருக்கு அப்போது ஒன்று உறைத்தது. கயிற்றை இன்னொரு சுற்று சுற்றினார்.

"நான் யாருன்னு அப்புறம் பாக்கலாம். இந்தக் கயித்த யாராவது பிடிச்சிருக்கிறதா கட்டத்துல தெரியுதா?"

அதிகாரி கட்டத்தைப் பார்த்தார். ஏரிப்பாக்கம் பக்கத்தில் வெயில், மாலை, சிரிப்பு. கயிற்றைப் பார்த்தார். மறுபடி கட்டத்தைப் பார்த்தார். வேர்த்துக் கொட்டியது. பாவம், அவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர்.

"இல்லை," என்றார்.

"மூட்டை படகுல இருக்கிறதாத் தெரியுதா?"

"இல்லை. கொடுத்தாச்சு."

"அப்ப இல்லாத மூட்டைய யாரு எடுத்தா உமக்கென்ன?"

செண்பகம் குழந்தையைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு முதல் ஆளாகப் படகில் இறங்கினாள். பின்னாலேயே ஊர் இறங்கியது. அதிகாரி கட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. மாடியில் அடுப்பு மூட்டினார்கள், பால் மாவைக் காய்ச்சினார்கள். குழந்தை குடித்துவிட்டு ஓங்கி அழுதது, அந்தச் சத்தத்தைக் கேட்டு அம்பலவாணர் சிரித்தார்.

தண்ணீர் வடிந்தது. வீடு இல்லை, வயல் இல்லை. ஏரிப்பாக்கத்தார் அரண்மனைக்குக் கிளம்பினார்கள். வழியில் மூலை உடைந்த ஏரிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். தலைநகரத்து வீதி கொள்ளவில்லை. கோட்டை வாசலில் காவல்தலைவன் வேல்கம்பை நீட்டினான், பிறகு தன் கணினிப் பெட்டியைத் திறந்து பார்த்தான். கட்டத்தில் வீதி காலியாகக் கிடந்தது. காலி வீதியை எதிர்த்து வேல் பிடித்தால் வேலை போய்விடும் என்று ஒதுங்கி நின்றான். வாசல் விரியத் திறந்தது.

உள்ளே மகாராஜா பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தரை அதிர்ந்தது. மேசையில் தண்ணீர்க் குவளை நடுங்கியது.

"வெளியில என்னய்யா அவ்வளவு சத்தம்?"

கட்டத்தில் நிற்கிற அம்பலவாணர் கூப்பிட்டால் வருவதில்லை என்று வைத்திருந்த புது அமைச்சர் பதறிப்போய்க் கட்டத்தைப் பார்த்தார். உற்றுப் பார்த்தார். நிம்மதியாக மூச்சு விட்டார்.

"ஒன்றும் இல்லை, மகாராஜா."