விளக்கெண்ணெய் எஞ்சின்

முதல் ஓட்டத்திலேயே ஆண்ட்ரூஸ் சாரின் வெள்ளைச் சட்டை எண்ணெயில் ஊறி உடம்போடு ஒட்டிக்கொண்டது.

"என்ன தம்பி, இப்புடித் தெறிக்குது?" என்றார் அவர், உதட்டைத் துடைத்தபடி.

அறிவுச்செல்வனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கந்தர்வக்கோட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவன் அவன். பள்ளிக்கூட வாத்தியார் பெலிக்ஸோடு சேர்ந்து, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளை இந்த எஞ்சினுக்கே கொடுத்திருந்தான். சின்ன விமானத்துக்கானது, விசிறியோடு சேர்ந்து ஏழு சிலிண்டரும் சுற்றும். பெட்ரோலில் கரையாத எண்ணெய் வேண்டும் என்பதால் விளக்கெண்ணெய் ஊற்றியிருந்தார்கள். எஞ்சின் குடித்தது போக மிச்சத்தைச் சுற்றிலும் துப்பும். திருச்சியில் விமானப் பிரியர்கள் கூட்டத்தை நடத்தும் ஆண்ட்ரூஸ் சார் பார்த்துத் தலையாட்டினால்தான் அதை அங்கே வைக்க முடியும்.

"எண்ணெயக் கொறைடா," என்றான் பெலிக்ஸ்.

குறைத்தார்கள். எஞ்சின் அலறியது. பயந்துபோய் இரண்டு மடங்கு ஊற்றினார்கள். பக்கத்து முந்திரி மரமெல்லாம் பளபளத்தது.

"சார், கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க!"

சார் தள்ளி நின்றார். அதற்குள் பெலிக்ஸ் எஞ்சினையும் அங்கிட்டே திருப்பியிருந்தான்.

கடைசியாகத் தகரம் வைத்து மறைத்தார்கள். தகரத்தில் பட்ட எண்ணெயெல்லாம் ஒன்றுசேர்ந்து, "நிறுத்துங்க!" என்று கத்திய சாரின் வாய்க்குள் நேராகப் பாய்ந்தது.

மதியம் அறிவின் மனைவி சுகுணா இலை போட்டாள். பாதிச் சாப்பாட்டில் சட்டென்று எழுந்த சார், கைகூடக் கழுவாமல் முந்திரித் தோப்புக்குள் ஓடினார்.

"கோவிச்சுக்கிட்டாருடா," என்றான் அறிவு.

"ஏங்க, அவரு வயித்துக்குள்ள எம்புட்டு வெளக்கெண்ணெ போயிருக்கும்?" என்றாள் சுகுணா.

பெலிக்ஸ் விளக்கெண்ணெய் டின்னைத் தூக்கி ஆட்டிப் பார்த்தான்.

சாரின் டிரைவர் மரியசெல்வம் ஒரு வாளித் தண்ணீரோடு தோப்புக்குள் ஓடினார். போனவர் அரைமணி நேரமாகியும் திரும்பவில்லை.

"திருச்சிய மறந்துரு." அறிவு சொல்லிவிட்டு, ஸ்பேனரை எடுத்து எஞ்சினின் முதல் போல்ட்டில் வைத்தான்.

மரியசெல்வம் காலி வாளியோடு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அதக் கழட்டிப்புடாதீங்கண்ணே! நாலு வருசமா எந்த டாக்டராலயும் ஆகாத காரியம் சாருக்கு இன்னிக்கு ஆயிருச்சு. அடுத்த ஞாயித்துக்கெழமையும் ஓட்டுவீங்களான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு!"