மீட்டிங் ஹவுஸில் குறுக்கே நின்றவன்

ஒரே ஒரு வாக்கியம் பேசி, எழுபது குழந்தைகளைப் பதினான்கு மாத வனவாசத்துக்கு அனுப்பியவன் நான். அதைப் பேசியபோது எனக்குக் கோபமோ கொள்கையோ கிடையாது. ஒரு பெரியவருக்கு மரியாதை காட்டினேன், அவ்வளவுதான்.

என் குறிப்பேட்டின்படி அது மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு, காலை பதினொன்று ஐம்பத்திரண்டு. (எனக்கு எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. எங்கள் முதல் கார் முதன்முதலாகப் பஞ்சரான தேதியைக் கேட்டுப் பாருங்கள், சொல்கிறேன். இதுவரை யாரும் கேட்டதில்லை.)

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில். என் மனைவி கலைச்செல்வி அங்கே ஒரு தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியை. பள்ளிக்கென்று சொந்தக் கட்டடம் கிடையாது. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தங்கள் வழிபாட்டு இடத்தைச் சனிக்கிழமைகளில் எங்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். அதைக் கோயில் என்றோ சர்ச் என்றோ சொல்லமாட்டார்கள், மீட்டிங் ஹவுஸ் என்பார்கள். பழைய கல் கட்டடம். ஒரு பெரிய கூடம், ஒரு சமையலறை, கோட்டு மாட்ட ஓர் அறை. மூன்றாம் நிலை வகுப்பு அந்தக் கோட்டு அறையில்தான் நடந்தது. குளிர்காலத்தில் பிள்ளைகள் தொங்கும் கோட்டுகளுக்கு நடுவிலிருந்து தலையை மட்டும் நீட்டி "ங, ஙா, ஙி" என்பார்கள்.

அந்த வருடம் தீயணைப்புத் துறையிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, கோடை விடுமுறைக்குப் பிறகு இத்தனை பிள்ளைகளை இங்கே அடைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். குவேக்கர்களோ கட்டடத்தின் கிழக்குப் பக்கம் இரண்டு அறைகள் சேர்த்துக் கட்டலாமா என்று ஏற்கெனவே இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தார்கள். மார்ச் கூட்டத்தில் முடிவெடுத்தால் செப்டம்பருக்குள் அறைகள் எழும்பும். இல்லாவிட்டால் பள்ளி தெருவுக்கு வரும்.

இரண்டு வருடம் யோசிப்பதா என்று கேட்காதீர்கள். குவேக்கர்கள் ஓட்டுப் போடுவதில்லை. எல்லோரும் கூடி மௌனமாக உட்காருவார்கள். ஒருவர் எழுந்து பேசுவார். மறுபடி மௌனம். எல்லோர் மனமும் ஒரே பக்கம் சாயும்வரை இப்படியே போகும். கூட்டத்தை நடத்துபவருக்குக் கிளார்க் என்று பெயர். (நம் ஊர் கிளார்க் போல ஃபைலைத் தொலைக்க மாட்டார். ஆனால் "அடுத்த மாசம் பாக்கலாம்" என்பது இருவருக்கும் பொது.) வாசல் கதவுக்கு என்ன நிறம் அடிப்பது என்று முடிவெடுக்கப் பதினோரு மாதம் எடுத்துக்கொண்டார்கள். சிரித்துவிட்டு, எங்கள் தமிழ்ச் சங்கத்தையும் நினைத்துப் பாருங்கள். பொங்கல் விழாவில் குத்துவிளக்கை யார் ஏற்றுவது என்று பதினோரு நிமிடத்தில் முடிவு செய்தோம். பன்னிரண்டாவது நிமிடத்தில் இரண்டு தமிழ்ச் சங்கங்கள் ஆனோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகள் நிலாவுக்கு நீச்சல் போட்டி. கலை அவளோடு போக வேண்டியிருந்ததால், பள்ளியின் சார்பில் கூட்டத்தில் உட்காரும் பொறுப்பு எனக்கு வந்தது.

"ஏங்க, ஒண்ணே ஒண்ணுதான். போறீங்க, உக்கார்றீங்க, வர்றீங்க. வாயத் தொறக்கக் கூடாது."

"ஸ்கூல் பத்தி ஏதாவது கேட்டா?"

"சிரிங்க."

"இல்ல, அந்த செப்டம்பர் விஷயம்…"

"அதத்தான் சொல்றேன். அந்த செப்டம்பர் விஷயத்த எடுத்தீங்க, அப்படியே எங்கயாவது போயிடுங்க, வீட்டுக்கு வராதீங்க."

பதினான்கு வயது நிலா போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அப்பா, இட்ஸ் லிட்ரலி எ ஸைலன்ட் மீட்டிங். ஹவ் குட் யூ ஈவன் மெஸ் திஸ் அப்?" (யாரும் பேசாத கூட்டத்தைக்கூட எப்படிக் கெடுக்க முடியும் என்று கேட்கிறாள்.)

செப்டம்பர் விஷயம் இதுதான். பழைய குவேக்கர்கள் கிழமைக்கும் மாதத்துக்கும் வேற்றுத் தெய்வங்களின் பெயர் கூடாது என்று எண்களைத்தான் சொல்வார்கள். ஞாயிறு என்றால் முதல் நாள், இப்படி. இந்த மீட்டிங் ஹவுஸைக் கட்ட முடிவெடுத்தது "ஒன்பதாம் மாதம்" என்று ஒரு பழைய தாளில் இருக்கிறது. அதைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி, ஆண்டுவிழாவைச் செப்டம்பரில் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தக் காலத்தில் அவர்களுக்கு வருடம் பிறந்தது மார்ச்சில். மார்ச்சிலிருந்து விரல் விட்டு எண்ணுங்கள், ஒன்பதாம் மாதம் நவம்பர். புத்தாண்டு தையா சித்திரையா என்று கல்யாணப் பந்தியில்கூடச் சண்டை போடும் இனத்தில் பிறந்த எனக்கு, இதைக் கண்டுபிடித்த அன்று தூக்கம் வரவில்லை.

கிளம்பும்போது கலை ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கையில் திணித்தாள். "அவங்க ரூல்ஸ் எல்லாம் இதுல இருக்கு. படிச்சிட்டு உள்ள போங்க." காரில் உட்கார்ந்து படித்தேன். பின்பக்கத்தில் சுருக்கமான வரலாறு இருந்தது. அதில் இரண்டு தேதிப் பிழைகளைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் முன்பக்கத்தை மறந்துபோனேன். முன்பக்கத்தில்தான் ரூல்ஸ்.

அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும் நாள் வேறு. வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை நானும் தள்ளியிருந்தேன், எனக்குத் தெரியாமல் கலையும் தள்ளியிருந்தாள். ஆகவே ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், கூட்டத்துக்கு முந்தைய மௌன வழிபாட்டிலும் மாட்டிக்கொண்டேன். ஒரு மணி நேரம் யாரும் ஒன்றும் பேசவில்லை. யாரோ ஒருவருடைய வயிறு மட்டும் இரண்டு முறை பேசியது.

பிறகு முடிவெடுக்கும் கூட்டம் தொடங்கியது. (அவர்கள் ஆங்கிலத்தில் பேசியதை என் தமிழில் தருகிறேன்.) கிளார்க் மார்கரெட், ஓய்வுபெற்ற நூலகர். எல்லோர் கண்ணும் வால்ட்டர் மீது இருந்தது. வால்ட்டருக்கு எண்பத்தாறு வயது, வாக்கர் எனும் நடைச்சட்டம் பிடித்து நடப்பவர். சேர்த்துக் கட்டினால் கிழக்கு ஜன்னல் மூடிப்போகும் என்று இரண்டு வருடமாகத் தயங்கிக்கொண்டிருந்த ஒரே ஆள். அன்று அவர் வாயே திறக்கவில்லை.

நானும் திறக்கவில்லை. ஆனால் கால் சும்மா இருக்கவில்லை. ஒரு நீண்ட மௌனத்தின் நடுவே நைஸாக எழுந்து, அந்தச் சட்டமிட்ட தாளை என் குறிப்பேட்டில் படியெடுக்கப் போனேன். அது பாத்ரூம் இருக்கும் உள்வராந்தாவுக்குப் போகும் கதவை ஒட்டி மாட்டியிருந்தது.

"கிழக்குப் பக்கம் கட்டுவது என்று கூட்டம் ஒருமனப்பட்டிருப்பதாக உணர்கிறேன்," என்றார் மார்கரெட். "இதற்கு மாறாக யாருக்காவது மனதில் ஏதேனும் உண்டா?"

மௌனம். அப்போது வால்ட்டர் எழுந்தார். நாற்பது பேர் மூச்சைப் பிடித்தார்கள். நடைச்சட்டத்தின் கால்களில் செருகியிருந்த டென்னிஸ் பந்துகள் தரையில் தேய, ஒவ்வோர் அடியாக வந்தார். எனக்கு இது எதுவும் தெரியாது. நான் "ஒன்பதாம் மாதம்" என்ற சொற்களுக்குக் கீழே இரண்டு கோடு போட்டுக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டுத் திரும்பினால் பெரியவர். கதவுக்கு நேராக நான்.

பதறிப்போய்ச் சொன்னேன்: "ஓ, ஸாரி, ஸாரி! ஐ ஆம் ஸ்டாண்டிங் இன் த வே!"

பதினெட்டு வருடம் கான்ஃபரன்ஸ் காலில் கத்திப் பழகிய குரல். கடைசி பெஞ்சு வரை தெளிவாகக் கேட்டிருக்கும்.

வால்ட்டர் என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி உள்ளே போனார். மார்கரெட் கண்ணாடியைக் கழற்றினார். "தேங்க்யூ, ஃப்ரெண்ட்," என்றார் மெல்ல. குவேக்கர்கள் எல்லோரையும் நண்பரே என்றுதான் அழைப்பார்கள். ஒரு காலை நகர்த்தியதற்கு நன்றியா, என்ன பண்பாடு என்று வியந்து, கை கூப்பினேன். முன் பெஞ்சில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். (ஒவ்வாமைக் காலம் முன்கூட்டியே வந்துவிட்டது என்று குறித்துக்கொண்டேன்.)

நான்கு நிமிட மௌனத்துக்குப் பிறகு மார்கரெட் தீர்மானத்தை எழுதி வாசித்தார்: ஒரு நண்பர் குறுக்கே நிற்கிறார், ஆகவே இன்று முன்னே செல்லத் தெளிவு கிட்டவில்லை. எல்லோரும் "அப்ரூவ்" என்றார்கள். ஒட்டாமல் நிற்பது மரியாதையல்ல என்று நானும் "அப்ரூவ்" என்றேன்.

வீட்டுக்கு வந்து, "யாரோ குறுக்க நின்னுட்டாங்களாம், கலை. அந்த வால்ட்டர்தான், வேற யாரு?" என்றேன். அரை மணி நேரத்தில் பள்ளியின் வாட்ஸப் குழுவில் வால்ட்டரை வறுத்தெடுத்தார்கள். "இந்த வயசுல எதுக்கு இவ்ளோ பிடிவாதம்" என்று ஒருவர் எழுத, நானும் கட்டைவிரலை உயர்த்தினேன்.

செவ்வாய்க்கிழமை மாலை கலைக்கு மார்கரெட்டிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே படித்தாள்.

"ஏங்க, அங்க என்ன பேசுனீங்க?"

"ஒண்ணுமே பேசலையே."

"'உங்கள் கணவர் எங்கள் உறுப்பினர் அல்ல. ஆனாலும் உண்மை யார் வாயிலிருந்தும் வரலாம். அவர் ஏன் குறுக்கே நிற்கிறார் என்று கேட்டறிய நானும் வால்ட்டரும் சனிக்கிழமை வரலாமா?'ன்னு எழுதியிருக்காங்க."

நான் அந்தத் துண்டுப் பிரசுரத்தைத் தேதிவாரி ஃபைலிலிருந்து எடுத்து, முதல்முறையாக முன்பக்கத்தைப் படித்தேன். முடிவை ஏற்க மனமில்லை, ஆனால் தடுக்கவும் விருப்பமில்லை என்பவர் "ஒதுங்கி நிற்கிறேன்" என்று சொல்லலாம். மனசாட்சி அறவே இடம்தராதவர், குறுக்கே நிற்கிறேன் என்ற பொருளில் சொல்ல வேண்டியது, "ஐ ஆம் ஸ்டாண்டிங் இன் த வே." அது மிக அரிதாகச் சொல்லப்படுவது. சொல்லிவிட்டால் வேலை நின்றுவிடும்.

தோசை கருகியது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இப்பவே போன் பண்ணி, பெரியவருக்கு வழி விட்டேன்னு சொல்லுங்க," என்றாள் கலை.

"நேர்லயே சொல்லிடறேன். அதுதான் மரியாதை."

சனிக்கிழமை நான்கு மணிக்கு வந்தார்கள். சோபாவில் உட்கார்ந்தார்கள், கண்ணை மூடினார்கள். எங்கள் வீட்டில் விருந்தாளி வந்து யாரும் பேசாமல் இருந்தது அதுவே முதல்முறை. கலை தாங்க முடியாமல் வாழைக்காய் பஜ்ஜியைக் கொண்டுவந்து வைத்தாள், பிறகு சட்னி, பிறகு காபி, பிறகு இன்னொரு தட்டு பஜ்ஜி. நான் தொண்டையைச் செருமி, "உண்மையில் அன்றைக்கு…" என்று ஆரம்பித்தேன்.

அதற்குள் வால்ட்டர் பேசினார். "இரண்டு வருடமாக நான் சொல்லத் துணியாத சொல்லை, முதல் நாள் வந்த நீங்கள் சொன்னீர்கள். அதை நான் மறக்க மாட்டேன்."

இதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? உங்களைப் பார்த்தால் பாத்ரூம் அவசரம் போலத் தெரிந்தது என்றா? ஒரே ஒரு வாக்கியம் போதும். வெட்கம் கெட்டவன் சொல்லியிருப்பான். எனக்கு வெட்கம் இருந்தது, அதைவிட அதிகமாகத் தற்பெருமை இருந்தது. என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "உங்கள் ஆண்டுவிழா செப்டம்பரில் அல்ல, நவம்பரில். பழைய சுவரின் தேதியே தவறாக இருக்கும்போது புதுச் சுவர் எதற்கு?"

கலை கண்ணை மூடிக்கொண்டாள். பார்ப்பவர்களுக்கு அவளும் வழிபாட்டில் சேர்ந்துவிட்டது போல இருந்திருக்கும்.

மார்கரெட் நூலகர் அல்லவா, முகம் மலர்ந்துவிட்டது. உடனே ஒரு தேதிக் குழு அமைத்தார்கள். குழு ஏழு மாதம் மௌனமாகவும் இடையிடையே பேசியும் ஆராய்ந்து, நான் சொன்னது சரி என்று கண்டது. அதன் பிறகுதான் கட்டட வரைபடத்தை மறுபடி கையில் எடுத்தார்கள்.

அதற்குள் செப்டம்பர் வந்துவிட்டது. தமிழ்ப் பள்ளி ஒரு கராத்தே கூடத்துக்குக் குடிபெயர்ந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் "ஹா!" என்று கத்த, இந்தப் பக்கம் எங்கள் பிள்ளைகள் அதை எந்த வரிசை எழுத்து என்று கேட்டார்கள். ஒன்றாம் நிலையில் ஒரு பையன் வல்லினத்தை இன்றுவரை காலை உதைத்துக்கொண்டுதான் உச்சரிக்கிறான். குறுக்கே நின்றது யார் என்பது பரவிவிட்டதால், பெற்றோர் கூட்டங்களில் என்னைக் கண்டால் பேச்சு நின்றுவிடும். ஒன்பது குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டன. அந்தப் பெயர்களைக் கலை குறிப்பேட்டில் எழுதவில்லை, ஆனால் எனக்கு ஒப்பித்துக் காட்டுவாள். பதினான்கு மாதமும் ஒப்பித்தாள்.

கடைசியில் வடக்குப் பக்கம் அறைகள் எழும்பின. கிழக்கு ஜன்னல் அப்படியே நின்றது. திறப்பு விழா, சரியான ஆண்டுவிழா மாதமான நவம்பரில். மார்கரெட் ஒரு சிறு வரலாற்று நூல் வெளியிட்டார். அதில் ஒரு பத்தி இப்படிப் போகிறது: தமிழ்ப் பள்ளியைச் சேர்ந்த நண்பர் ஒருவர், தம் சமூகத்துக்கே நட்டம் வரும் என்று தெரிந்தும், உண்மைக்காகக் குறுக்கே நின்றார். ஊரார் தேதியையெல்லாம் திருத்தித் திரிந்த நான், அந்த நூலின் ஒரே வரலாற்றுப் பிழையாக அச்சேறியிருந்தேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் திருத்தவில்லை. கை கூப்பினேன்.

காபி குடிக்கும்போது வால்ட்டர் நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தார். கிழக்கு ஜன்னல் வெயில் அவர் முகத்தில் விழுந்தது.

"அன்றைக்கு எனக்கு நிஜமாகவே பாத்ரூம் அவசரம், தெரியுமா?" என்றார்.

எனக்குக் காபி புரையேறியது. "அப்படியானால் எங்கள் வீட்டுக்கு வந்தபோதே நீங்கள் சொல்லியிருக்கலாமே?"

"நீங்களும்தான் சொல்லியிருக்கலாம்," என்றார். "தவிர, நீங்கள் பேசியதில் பொய் ஒன்றும் இல்லையே? குறுக்கேதான் நின்றீர்கள்." தட்டிலிருந்து பஜ்ஜி ஒன்றை எடுத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

இப்போதும் எங்கள் வீட்டில் நான் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்து நின்றால், நிலா பின்னால் வந்து மெல்லிய குரலில் "தேங்க்யூ, ஃப்ரெண்ட்" என்பாள். அம்மாவும் மகளும் கண்ணை மூடி, கைகளை மடியில் வைத்து, நான் நகரும்வரை மௌனமாக இருப்பார்கள். அதிகபட்சம் இதுவரை ஆறு நிமிடம். அதற்கும் தேதி போட்டு வைத்திருக்கிறேன்.