இரண்டு கண்ணும் ஒரே நாளில்

ஸஹீதின் இடது கண் மூட மறுத்தது. மேலிமை இறங்கி வந்தது. கீழிமை ஏறி வரவில்லை. நடுவில் ஒரு வெள்ளைக் கீற்று எப்போதும் திறந்தே கிடந்தது.

"இஞ்சேருங்க, தூங்குறீங்களா, முழிச்சிரிக்கிங்களா?" என்றாள் மனைவி றாஹிலா.

"தூங்குறன்."

"பாத்தாப் பயமா இரிக்கி."

"அப்ப பாக்காத."

கொழும்பில் ஒரு டொக்டர் அவருடைய கண்களுக்குக் கீழே தொங்கிய சதைப் பைகள் இரண்டையும் வெட்டி எடுத்திருந்தார். கல்முனை பஸாரில் ஸஹீதுக்குத் துணிக்கடை. வருகிறவர்கள், "என்ன காக்கா, தூக்கமில்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் துணி கேட்பார்கள். அவர் நன்றாகத் தூங்குகிறவர். களைப்பா, களைப்பா என்று ஊர் கேட்டுக் கேட்டே களைத்துப் போனவர்.

ஆனால் இது ஊருக்குத் தெரியக்கூடாது. அவர் பள்ளிவாசல் நிருவாகத்தின் செயலாளர். போன வருடம் பஸ்மினா என்ற பெண் புருவம் திருத்தும் கடை திறந்தபோது, அல்லாஹ் தந்த முகத்தில் கைவைக்கக் கூடாது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தல் வாசித்தவர் அவர்தான். எழுதிக் கொடுத்தவர் தலைவர் சீனிமுகம்மது ஹாஜியார். குரல் ஸஹீதுடையது. பஸ்மினா கடையை மூடிவிட்டுத் தையல் மெசின் வாங்கினாள். இப்போது லைனிங் துணி எடுக்க ஸஹீதின் கடைக்குத்தான் வருகிறாள். விசயம் வெளியே போனால் பதவி போகும். பதவி போனாலும் பரவாயில்லை, அவளுக்கு முகம் கொடுத்துத் துணி வெட்டிக் கொடுக்க வேண்டும்.

நோன்புக்கு முன் எல்லாம் ஆறிவிடும் என்று நினைத்திருந்தார். அதுவரைக்கும் கறுப்புக் கண்ணாடி போட்டார்.

கண்ணாடி ஏன் என்று கேட்டார்கள். "கண்ணுல வெள்ள படர்ந்திருந்த. எடுத்தாச்சி" என்றார். வயதானவர்களுக்குக் கண்புரைக்குச் செய்கிற சாதாரண ஒப்பரேசன். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

சந்தேகப்படவில்லை. நோயாளி பார்க்க வந்தார்கள்.

முதலில் வந்தவள் பாத்தும்மா மாமி, ஒரு டின் பிஸ்கட்டோடு. அவளுக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை எடுத்திருந்தது.

"எந்தக் கண் மனே?"

"ரெண்டும் மாமி."

"ஒரே நாளிலயா? எனக்கு ஒண்டு எடுத்து, அது ஆறினாப் பொறகுதானே மத்தத எடுத்த."

ஸஹீத் றாஹிலாவைப் பார்த்தார். றாஹிலா பிஸ்கட் டின்னைப் பார்த்தாள்.

"இது புது மெசின் மாமி. ஜப்பான்."

"அப்ப நல்லாத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

மாமி டின்னைக் கவிழ்த்து, அடியிலிருந்த பொடி எழுத்தைக் காட்டினாள். "இத வாசி பாப்பம்."

மருந்து பூசிய கண்ணில் எழுத்துகள் எறும்புகளாக ஓடின.

"அடுத்த வருசம் வரைக்கும் தின்னலாம் மாமி."

"மாஷா அல்லாஹ்" என்றாள் மாமி. அஸர் தொழுகைக்குள் ஜப்பான் மெசின் ஊர் முழுக்கப் பரவியது.

அதன்பிறகு வந்தவர்கள் சோதனைச் சாமான்களோடு வந்தார்கள். மருந்துப் போத்தல் கொண்டுவந்தார்கள். ஒருத்தி ஊசியும் நூலும் கொண்டுவந்தாள். எல்லாருக்கும் ஒரே பதில்தான். நல்லாத் தெரியுது, நல்லாத் தெரியுது. ஐஸ் ஒத்தடம் வைத்துப் படுத்திருக்க வேண்டிய மனிதர் காலையிலிருந்து இரவு வரை உட்கார்ந்து, தன் பார்வையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்.

இடது கீழிமை இன்னும் இறங்கியது. டொக்டருக்குப் போன் எடுத்தார்.

"கீழ் இமை இழுபட்டிருக்கு. விரலால மேல நீவி விடுங்க. பிளாஸ்டர் ஒட்டுங்க. குனிய வேணாம்."

"எப்ப சரிவரும்?"

"சில மாசம் போகும். பொறுமையா இருங்க."

குனியக் கூடாதென்றால் நெற்றியை நிலத்தில் வைக்கும் ஸுஜூது இல்லை. பள்ளியில் முழங்கால் ஏலாதவர்களுக்காகப் போட்டிருந்த கதிரைகளுக்குப் போனார். பக்கத்துக் கதிரையில் கச்சிமுகம்மது. வயது எண்பதைத் தாண்டியவர்.

"வா மனே, வா. எல்லாருக்கும் வாற காலம்தான்."

தொழுகை முடிந்ததும், கச்சிமுகம்மதுதான் முழங்கையைப் பிடித்து ஸஹீதை எழுப்பிவிட்டார். இளமையாகத் தெரிவதற்காகக் கொழும்புக்குப் போய் வந்தவரை.

துஆ ஓதும்போது இடது கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் வழிந்தது. ஸஹீதுக்கு இவ்வளவு இறையச்சமா என்று மௌலவியே துஆவை இன்னும் நீட்டி ஓதினார். வாசலில் சீனிமுகம்மது ஹாஜியார் அவரை நிறுத்தினார்.

"தம்பி, நாளைக்கு நோன்புப் பிறை பாக்கிற நாள். ஒங்கடதான் இப்ப ஊர்லயே புதுக் கண். பள்ளி மாடிக்கு வந்திரணும்."

"எனக்கு வெளிச்சம் கூடாது ஹாஜியார்."

"பொழுது பட்டாப் பொறகுதானே பிறை?"

வீட்டில் றாஹிலா யோசித்துச் சொன்னாள்: "வயித்து வலி எண்டு படுங்க."

"அதுக்கும் பாக்க வருவாங்க."

போனார். மாடிப்படியிலேயே பிளாஸ்டரை உரித்துப் பையில் வைத்துக்கொண்டார். மேற்கே வயல்கள் இருண்டுகொண்டிருந்தன. அவற்றுக்கு மேலே மேகம் கிழிந்து கிழிந்து கிடந்தது. ஆண்கள் கைகளை நெற்றியில் வைத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"கண்ணாடியக் கழட்டிட்டுப் பாருங்க தம்பி" என்றார் ஹாஜியார்.

கழற்றினார். மருந்தும் தண்ணீரும் கலந்த கண்ணில் மூன்று பிறைகள் தெரிந்தன. ஒன்று நீந்தியது.

"ஸஹீத் காக்கா, தெரியுதா?" என்று கேட்டார் மௌலவி.

இத்தனை நாள் பழக்கம். வாய் முந்திக்கொண்டது.

"நல்லாத் தெரியுது."

"அல்லாஹு அக்பர்" என்றது கூட்டம். ஒருவர் ஒலிபெருக்கியைப் போடப் படிக்கட்டுக்குத் திரும்பினார். கச்சிமுகம்மது தடியை ஊன்றி முன்னால் வந்தார். "எனக்கும் ஒரு கீறு தெரிஞ்ச மாதிரித்தான் இரிக்கி."

"அப்ப ரெண்டு சாட்சி. ரெண்டு பேரும் அல்லாஹ் மேல சத்தியமாச் சொல்லுங்க" என்றார் மௌலவி.

ஸஹீத் நின்றார். நாளை விடியுமுன் இந்த ஊரே எழுந்து நோன்பு பிடிக்க அடுப்பு மூட்டும், அவர் கண்ணில் பூசிய ஒரு குழாய் மருந்தை நம்பி. அவருக்குக் கால் வலித்தது. பொய் சொல்லிச் சொல்லி உடம்பெல்லாம் வலித்தது.

"நில்லுங்க. எனக்குப் பிறை தெரியல்ல. மருந்துதான் தெரியுது."

"அப்ப ஜப்பான் மெசின்?" என்று கேட்டார் மௌலவி.

"அப்பிடி ஒண்டு இல்ல. வெள்ள எடுக்கவும் இல்ல. கண்ணுக்குக் கீழ இருந்த பைய வெட்டி எடுத்த. அழகுக்குத்தான்."

ஒலிபெருக்கியைப் போடப் போனவர் திரும்பி வந்தார்.

"அப்ப எனக்கும் தெரியல்ல" என்றார் கச்சிமுகம்மது.

"எல்லாரும் கீழ போங்க. நான் இவரோட தனியாக் கதைக்கணும்" என்றார் ஹாஜியார். கடைசி ஆள் இறங்கியதும் மாடிக் கதவைச் சாத்தினார்.

"செயலாளர் வேலய விட்டிர்ரன் ஹாஜியார். பஸ்மினாட்டையும் போய்ச் சொல்லிர்ரன்" என்றார் ஸஹீத். இந்த முறை இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்தது.

ஹாஜியார் போனை எடுத்து வெளிச்சத்தைப் போட்டு, மூச்சுப் படும் தூரத்துக்கு வந்து, இடது கீழிமையை வெகுநேரம் பார்த்தார்.

"பிறை பாக்க எனக்கு ஆளில்லாமலா ஒங்கள மாடிக்கு ஏத்தின? பெருநாள் முடிய, அதே டொக்டர்ட்ட பை வெட்ட எனக்கும் திகதி தந்திரிக்காங்க தம்பி. ஒங்கட பேர அங்கதான் கண்டன். கொஞ்சம் கண்ண மூடுங்க பாப்பம்."