மூச்சுக்கருவித் திறப்பு விழா

ஈகைநாடு என்றொரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், அகப்படாது. அங்கே அரசரும் உண்டு, மின்விசிறியும் உண்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை அரியணைத் தேர்தலும் உண்டு. வேட்பாளர்கள் மேடையில் நிற்பார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பானை இருக்கும். மக்கள் தங்களுக்குப் பிடித்தவரின் பானையில் ஒரு கூழாங்கல்லைப் போட வேண்டும். மன்னர் கொடைக்கோ அந்த மேடையில் எப்போதும் தனியாகத்தான் நிற்பார். எதிர்த்து நிற்க ஆசைப்பட்டவர்களுக்கெல்லாம் அந்த வாரம் பார்த்து உடம்புக்கு முடியாமல் போய்விடும். ஆகவே மன்னர் அமோகமாக வெற்றி பெறுவது வழக்கமாக இருந்தது.

தலைநகரில் குழந்தைகளுக்கென்று ஒரே ஒரு மருத்துவமனை. அங்கே தலைமைச் செவிலி கோசலை. ஆள் குள்ளம், குரல் பெரிது. அவள் வரும் சத்தம் கேட்டால் மருத்துவர்களே சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள். ஆனால் காய்ச்சலில் சிணுங்கும் குழந்தையிடம் அவள் பேசும்போது அதே குரலா என்று சந்தேகம் வரும்.

அந்த மருத்துவமனை முழுக்க முழுக்க நன்கொடையில் ஓடியது. கருவூலப் பணம் எங்கே போயிற்று என்பது இந்தக் கதையில் வராது. எனக்குத் தெரிந்து வேறு எந்தக் கதையிலும் வராது.

நன்கொடை கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டிச் சுவரில் பதிப்பது அந்நாட்டின் பழைய வழக்கம். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கொடைக்கோ அரியணை ஏறியதும் அதைச் சீர்படுத்தினார். எவர் எதைக் கொடுத்தாலும் கல்லில் முதலில் மன்னர் பெயர் முழ நீள எழுத்தில் இருக்க வேண்டும், கொடுத்தவர் பெயர் கீழே பொடி எழுத்தில் வரலாம் என்று ஆணை பிறந்தது. சுவர்கள் சீக்கிரமே நிறைந்துவிட்டன. உடனே ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து அவற்றையும் சுவராக்கிக் கல் பதித்தார்கள். குழல்விளக்குகளில் மன்னர் பெயரைக் கறுப்பு மையால் எழுதினார்கள். எழுத்து பளிச்சென்று இருந்தது, வெளிச்சம்தான் வரவில்லை. விசிறி இறக்கைகளில் பித்தளைப் பட்டயம் அறைந்ததில் அவை சுற்றுவதை நிறுத்திவிட்டு மன்னர் பெயரை நிதானமாகக் காட்டிக்கொண்டு நின்றன. பிள்ளைகள் வேர்த்துக் கொட்டிக்கொண்டு கிடந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் ஏகாம்பரம் வந்தார். ஊரிலேயே பெரிய எருமைப் பண்ணை அவருடையது. மருத்துவமனைக்குக் காலையிலும் மாலையிலும் இலவசமாகப் பால் கொடுத்து வந்தவர். முந்தைய வருடம் அவருடைய கைக்குழந்தை அதே கூடத்தில் மூச்சுத் திணறி இறந்துபோனது. அந்தத் துக்கத்தை மனிதர் யாரிடமும் பேசவில்லை. பாதி எருமைகளை விற்று, கடல் தாண்டிய ஒரு தேசத்திலிருந்து ஒரு மூச்சுக்கருவியை வரவழைத்துக் கோசலையிடம் ஒப்படைத்தார். பெயர் எதுவும் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

அரண்மனை அதிர்ந்தது. திறப்புத்துறை அமைச்சர் மெய்கீர்த்தியார் மூன்று வேளை யோசித்துவிட்டு, பெயர் சொல்லாமல் கொடுப்பவன் தன்னை மன்னரைவிடப் பெரியவனாகக் காட்டிக்கொள்கிறான் என்று கண்டுபிடித்தார். பெயரில்லாக் கொடை அன்று முதல் ராஜத்துரோகம். கருவி மன்னரின் கொடையாகப் பதிவாயிற்று. அடுத்த ஆணையும் கையோடு வந்தது. எந்தக் கொடையானாலும் மன்னர் நேரில் எழுந்தருளி நாடா வெட்டித் திறக்கும்வரை எவரும் அதைத் தொடக்கூடாது. கருவியை மஞ்சள் பட்டால் மூடி முத்திரை வைத்தார்கள். அதன் பக்கத்தில் புதுக் கட்டில்கள், புது மெத்தைகள், மருந்துப் பெட்டிகள் எல்லாம் பட்டு போர்த்திக்கொண்டு நின்றன. ஒரே கட்டிலில் மூன்று குழந்தைகள் படுத்துக்கொண்டு அந்தப் பட்டை வேடிக்கை பார்த்தார்கள்.

மன்னருக்கு நேரமில்லை. பேருந்து நிழற்குடை ஒன்றை அவர் திறக்க வேண்டியிருந்தது. திறந்தபோது அந்தக் காட்சியை ஓவியர் சரியாக வரையவில்லை என்பதால் அதை மறுபடியும் திறக்க வேண்டியிருந்தது.

போக முடியாத இடங்களில் மன்னர் இல்லாத குறை தெரியக் கூடாது என்று தெருவுக்குத் தெரு அவருடைய கட்அவுட்டை நிறுத்தினார்கள். பலகையில் செதுக்கி வண்ணம் தீட்டிய கட்அவுட்டுகள். மருத்துவமனை வாசலில் நின்றது மூன்று ஆள் உயரம், வலக்கையை நீட்டி நாட்டை ஆசீர்வதித்துக்கொண்டிருந்தது. மன்னர் பிறந்தநாளுக்குக் கட்அவுட்டுகளுக்குக் குடம் குடமாகப் பாலாபிஷேகம் செய்ய வேண்டும் என்று ஆணை. எந்தப் பால்? மருத்துவமனைக்கு வருகிற பால்தான். வாசலில் பால் ஆறாக ஓட, உள்ளே பிள்ளைகளுக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுத்தாள் கோசலை. அவளுக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது, அச்சில் ஏறாது.

அன்றைக்கு ஏகாம்பரத்தின் எருமை ஒன்று அந்தப் பக்கமாக வந்தது. தன்னுடைய பால் தெருவில் ஓடுவதைப் பார்த்து அதற்கு என்ன தோன்றியதோ, மன்னரின் காலில் வழிந்த பாலை நக்கிற்று. நக்கியதில் கட்டைவிரல் வண்ணம் உரிந்துவிட்டது. எருமைக்காரர் மீது மன்னரைத் தாக்கிய வழக்குப் பாய்ந்தது. அது வெறும் பலகைதானே என்று ஏகாம்பரம் சொன்னதுதான் பெரிய தப்பாகப் போயிற்று. மன்னரின் திருவுருவம் எல்லா வகையிலும் மன்னரே, அதைப் பலகை என்பவன் மன்னரையே பலகை என்றவன் ஆவான் என்று தலைமை நீதிபதி தீர்ப்பெழுதினார். ஏகாம்பரம் சிறைக்குப் போனார். கொடையாளிக்கு அந்நாடு செய்த மரியாதை அது.

மறு வாரம் குயவர் தெருவிலிருந்து சிட்டம்மா என்றொரு பெண் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பிறந்து சில நாள்தான், இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. நாட்டில் இருந்த சுவர், விளக்கு, விசிறி எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது, அந்தக் குழந்தைக்கு இல்லை. நெஞ்சு ஏறி இறங்கவில்லை, உதடு நீலம் பாரித்திருந்தது. மருத்துவர் காற்றுப்பையை எடுத்துக் கையால் அமுக்கினார். அமுக்கினால் மூச்சு வந்தது, நிறுத்தினால் நின்றது. கூடத்திலிருந்த தாய்மார்கள் முறை வைத்துக்கொண்டு அமுக்கத் தொடங்கினார்கள். பட்டு போர்த்திய கருவி ஓர் எட்டு தூரத்தில் நின்றது, அதன் பக்கத்தில் ஈட்டியோடு இரண்டு காவலர்கள்.

கோசலை அமைச்சர் மாளிகைக்கு ஓடினாள்.

"ஐயா, பச்சப்புள்ள. தானா மூச்சு விட முடியல. தாய்மாருங்க மாத்தி மாத்திப் பையை அமுக்கிக்கிட்டு இருக்காங்க. கை ஓஞ்சா உசிரு போயிடும்."

"அம்மையே, உமது வருத்தத்தில் அரசும் பங்கு கொள்கிறது," என்றார் மெய்கீர்த்தியார். "ஆயினும் மன்னரின் திருக்கரம் படாத கருவியில் ஒரு பிரஜை மூச்சு விடுவது மரபுமீறல். மன்னர் அடுத்த மாதம் எழுந்தருள்வார்."

"அதுவரைக்கும் அந்தக் குழந்தை?"

"பொறுமை காக்குமாறு அறிவுறுத்துக."

கோசலை திரும்பி நடந்தாள். உச்சி வெயில். அழுகை வந்தது, ஆனால் அழ நேரமில்லை. மருத்துவமனை வாசலுக்கு வந்தவள் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள். எதிரே மன்னர், கட்டைவிரல் உரிந்த காலோடு, கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு உள்ளே போய், சமையல்காரர்களையும் வெளியே காத்திருந்த தகப்பன்மார்களையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கட்அவுட்டைக் கட்டியிருந்த கயிறுகளை அவிழ்க்கச் சொன்னாள்.

மேளம் எங்கிருந்தோ வந்தது. பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் என்று பிறகு தெரிந்தது. மன்னர் எழுந்தருளுகிறார் என்று கோசலை தன் பெரிய குரலில் கூவ, தெரு முழுக்கக் கூடிவிட்டது. காவலர்கள் பழக்கதோஷத்தில் விறைத்து நின்று வணக்கம் வைத்துவிட்டார்கள். செய்தி எட்டியதும் மெய்கீர்த்தியார் தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"கோசலை, என்ன விளையாட்டு இது? இது வெறும்..."

"வெறும்?" என்றாள் கோசலை. "சொல்லுங்கய்யா. எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. வெறும் என்ன?"

அமைச்சர் கூட்டத்தைப் பார்த்தார். காவலர்களைப் பார்த்தார். சிறையில் இருக்கும் எருமைக்காரர் நினைவுக்கு வந்தார்.

"வெறும் தரையில் மன்னர் நிற்கலாமா?" என்று அதட்டினார். "கம்பளத்தை விரியுங்கள்."

கம்பளம் விரிந்தது. ஆனால் வாசற்படியில் மன்னர் இடித்துக்கொண்டு நின்றார். அவர் மூன்று ஆள் உயரம், வாசல் ஓர் ஆள் உயரம். சாய்த்து எடுத்துப் போகலாம் என்று ஒருவர் சொல்ல, மன்னரைப் படுக்கவைத்துத் தோளில் தூக்குவதா, அபசகுனம் என்று அமைச்சர் காதைப் பொத்திக்கொண்டார். குனியவைக்கலாம் என்றால், மன்னர் யாருக்கும் குனிய மாட்டார், அதோடு பலகை வளையாது. உள்ளே தாய்மார்களின் கை ஓய்ந்துகொண்டிருந்தது. சிட்டம்மா பையை அமுக்கியபடியே வாசலைப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தாள். அதில் சொல் எதுவும் இல்லை.

"மன்னர் குனிய முடியாதுன்னா சுவர்தான்யா குனியணும்," என்றாள் கோசலை.

வேறு வழியில்லை. சுவரை இடிக்குமாறு அமைச்சர் தம் வாயாலேயே உத்தரவிட்டார். தகப்பன்மார் கடப்பாரையோடு பாய்ந்தார்கள். மன்னர் பெயர் பொறித்த கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. அடைத்துவைத்த ஜன்னல்கள் திறந்துகொண்டன. எத்தனையோ காலத்துக்குப் பிறகு கூடத்துக்குள் வெயிலும் காற்றும் வந்தன. கட்டில்களில் கிடந்த பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்கள்.

மன்னர் நிமிர்ந்தபடி நடந்துவந்தார். நீட்டிய கையில் கத்தரிக்கோலைக் கட்டினார்கள். நாடா வெட்டப்பட்டது. கூடம் அதிரக் கைதட்டல். மரபுப்படி மன்னர் பேச வேண்டும் என்பதால் எல்லோரும் ஒரு நொடி அமைதி காத்தார்கள். நாட்டு வரலாற்றிலேயே மிகச் சுருக்கமான உரை அது. மிகச் சிறந்த உரையும் அதுதான் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

கோசலை பட்டை உருவி எறிந்தாள். மருத்துவர் குழாயைப் பொருத்தினார். கருவி உறுமிற்று. சிட்டம்மா பையிலிருந்து கையை எடுக்கப் பயந்தாள், கோசலைதான் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். குழந்தையின் நெஞ்சு எழும்பிற்று. தாழ்ந்தது. மறுபடி எழும்பிற்று. நீலம் மெல்லச் சிவப்பாயிற்று. அதுவரை அதட்டியே பழகிய கோசலை, அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். காவலர்களில் ஒருவர் ஈட்டியைச் சுவரில் சாத்திவிட்டு அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மன்னர் வந்ததே வந்தார், மிச்சத்தையும் திறந்துவைத்துவிடட்டும் என்று ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் கட்டில்கள், மெத்தைகள், மருந்துப் பெட்டிகள் எல்லாம் திறந்தாயிற்று. அடுத்த நாள் அவரைச் சிறைச்சாலைக்குத் தூக்கிக்கொண்டு போய், ஏகாம்பரத்தை விடுதலை செய்யலாமா என்று கேட்டார்கள். மன்னர் மறுக்கவில்லை. ஏகாம்பரம் நேரே மருத்துவமனைக்கு வந்து, ஓடிக்கொண்டிருந்த கருவியின் பக்கத்தில் நெடுநேரம் நின்றார். சிட்டம்மா குழந்தைக்கு அவரையே பெயர் வைக்கச் சொன்னாள். இறந்துபோன தன் மகளின் பெயரை அவர் சொன்னார். அருள்மணி.

உண்மையாகவே மூச்சு விடுகிற மன்னருக்கு இது பொறுக்குமா? பொறுக்கவில்லை. ஆனால் கட்அவுட்டைக் கைது செய்தால் மன்னரைக் கைது செய்ததாகும். அகற்றினால் அரியணையிலிருந்து அகற்றியதாகும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே தேர்தல் வந்தது. மக்கள் மூன்று ஆள் உயர மன்னரை மேடையில் கொண்டுவந்து நிறுத்தி, முன்னால் ஒரு பானையையும் வைத்தார்கள். அந்த வாரம் அந்த வேட்பாளருக்கு மட்டும் உடம்புக்கு ஒன்றும் வரவில்லை. கொடைக்கோ தலைமை நீதிபதியைப் பார்த்தார். எருமை வழக்கில் எழுதியதை மாற்றி எழுத முடியாமல், இருவருமே மன்னர்தான், மக்கள் முடிவு செய்யட்டும் என்று அவர் கையை விரித்துவிட்டார். ஒரு பானை நிறைந்து வழிந்தது. இன்னொன்றில் ஒரே ஒரு கல் கிடந்தது. அது கொடைக்கோ தாமே போட்டது. மெய்கீர்த்தியாருடையது எங்கே என்று அவர் இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

அதன் பிறகு ஈகைநாட்டில் நிழற்குடைகளை யாரும் இருமுறை திறக்கவில்லை. பால் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போயிற்று. நன்கொடை கொடுத்தவர்கள் பெயரைச் சொன்னார்கள், அல்லது சொல்லாமல் போனார்கள். இரண்டுமே அவரவர் இஷ்டம்.

இந்த அதிசயத்தைக் கேள்விப்பட்டு அண்டை நாட்டுத் தூதர் ஒருவர் வந்தார். மருத்துவமனைக் கூடத்தில் அருள்மணி தவழ்ந்துகொண்டிருந்தாள், ஜன்னல் வழியே அரியணை மண்டபமும் அதில் நிற்கும் கட்அவுட்டும் தெரிந்தன. தூதருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு பலகையை ஆளவிட்டுவிட்டு எப்படி நிம்மதியாக இருக்கிறீர்கள் என்று கோசலையிடம் கேட்டார்.

"எங்க கண்ணுல எப்பவும் பட்டது பலகைதாங்க," என்றாள் அவள். "முன்னாடி அதுக்குப் பின்னால ஒருத்தர் இருந்தாரு. இப்ப இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்."

தூதர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அவருடைய நாட்டிலும் அப்போது தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தயங்கிவிட்டு, அந்தக் கட்அவுட்டைச் செய்த தச்சர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று மெல்ல விசாரித்தார்.